நின்னு போன மாதிரி ஆன எஸ்எஸ்டி: என் அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். போன தை மாசம் முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். ஒரு ராத்திரி ஃபுட்டேஜை எஸ்எஸ்டிக்கு (சுத்துற தட்டு இல்லாம சிப்புல தகவலை வைக்கிற டிஸ்க்) காப்பி பண்றேன். முதல் சில ஜிபி விறுவிறுன்னு ஏறுச்சு, அப்புறம் நொடிக்கு 30 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்னுடுச்சு. விடிஞ்சா பொண்ணு வீட்டுக்கு ஹைலைட்ஸ் குடுக்கணும். மூணு வருஷப் பழசு, ஆயுசு முடிஞ்சுதுன்னே நினைச்சேன்.

டிஸ்க்கோட நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல பார்த்தா ஹெல்த் 91%. இதுவரை எழுதினது 27 டிபி, மொத்தம் எழுதலாம்னு வாரண்டியில சொன்ன அளவு 300 டிபி. 500 ஜிபியில காலி இடம் மட்டும் 11 ஜிபி. அதுதான் சங்கதி.

எஸ்எஸ்டி எழுதும்போது கொஞ்சம் கொஞ்சமா எழுதும், அழிக்கும்போது மொத்த பிளாக்கா அழிக்கும். பந்தியை நினைச்சுக்குங்க. வரிசை முழுக்க எழுந்தாத்தான் இலை எடுக்க முடியும். நாலு பேர் இன்னும் சாப்பிட்டுட்டிருந்தா அவங்களை வேற வரிசைக்கு மாத்தணும். மண்டபம் நிறைஞ்சிருந்தா எங்க மாத்துறது? இந்த இடமாற்றமே கூடுதல் எழுத்து, ஆயுசையும் தின்னும். எந்த ஃபைலை டெலீட் பண்ணிட்டோம்னு விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்றதுதான் ட்ரிம். அது இல்லைன்னா ஆள் எழுந்து போன இலையையும் சேர்த்துத் தூக்கிட்டு அலையும். எப்பவோ வேகம் கூடும்னு நம்பிப் போட்ட ஒரு டூல் என் ட்ரிம்மை நிறுத்தி வச்சிருந்தது.

பழைய கல்யாணங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினேன், ட்ரிம்மை ஆன் பண்ணி, விட்டுப்போன ட்ரிம்மையும் சேர்த்து அனுப்ப விண்டோஸ்ல இருக்கிற ஆப்டிமைஸை ஓட்டினேன். மறுநாள் பழைய வேகம். இப்ப 100 ஜிபிக்குக் கீழ காலி இடத்தை இறங்க விடறதே இல்ல.

பதில் 1
அண்ணே, அதே ட்ரிம்தான் என்னை அழ வச்சுது. பொண்ணோட காதுகுத்து போட்டோ ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் பண்ணிட்டேன். முன்னாடி ஹார்ட் டிஸ்க்ல இப்படி ஆனப்ப ரெக்கவரி சாஃப்ட்வேர் மீட்டுக் குடுத்துச்சு. எஸ்எஸ்டியில ஃபைல் பேரெல்லாம் வரிசையா வந்துச்சு, திறந்தா உள்ள வெறும் பூஜ்யம். டெலீட் ஆச்சுன்னு ட்ரிம் சொன்னதுமே டிஸ்க் அதைத் துடைச்சுடுச்சு. மாமா செல்லுல இருந்த ஏழு போட்டோதான் மிச்சம். இப்ப எதுவா இருந்தாலும் ரெண்டு இடத்துல வைக்கிறேன்.

பதில் 2
நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், சகோதரி: இரண்டாவது காப்பியை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். எஸ்எஸ்டி சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய நினைவகச் செல்களில் மின்னேற்றமாகத்தான் தகவல் நிற்கிறது. மின்சாரமே இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் அளவு தீர்ந்த டிஸ்க், 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் (சிப், எஸ்எஸ்டிகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரம். புதியது கூடுதலாகத் தாங்கும், ஆனால் நம் சித்திரை வெயிலில் பூட்டிய அறை 30 டிகிரியில் நிற்காது. காதுகுத்துப் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.