கிரேக்கக் கமியோ புரூச்சில் வெள்ளைத் தூள்: பூஞ்சணமா?

உப்புவெளிக்காரி:
நீள்வட்டப் பழைய கமியோ (சிப்பியில் உருவம் புடைப்பாகச் செதுக்கிய) புரூச், உயரம் ஏறக்குறைய 5 செ.மீ. கபில நிலத்தில் வெள்ளையாக ஒரு பெண், கையில் கிண்ணம், பக்கத்தில் பெரிய பறவை. அலுமாரி லாச்சிக்குள் மட்டைப் பெட்டியில் இருந்தது. மாரி முடிய எடுத்தால் மேலெல்லாம் வெள்ளைத் தூள். துடைத்தாலும் திரும்பப் பூக்கிறது. தேசிக்காய்ப் புளி போடலாமா? அல்ட்ராசோனிக் மெஷினில் கழுவலாமா? இது உண்மையான சிப்பிதானா, அந்தப் பெண் யார்?

சுழிச்சங்கு:
இரண்டும் வேண்டாம். சிப்பி கல்சியம் காபனேற்று. தேசிக்காய், புளி, வினாகிரி எது பட்டாலும் கரையும். மெஷினின் அதிர்வில் மயிரிழை வெடிப்பு விரியும்.

தூள் பூஞ்சணம் இல்லை. மரமும் மட்டையும் அசற்றிக் அமில ஆவி விடும். மூடிய லாச்சிக்குள் அது மாரி ஈரத்தோடு சேர்ந்து சிப்பி ஓட்டைத் தின்ன, உப்பாகப் பூப்பதுதான் அந்த வெள்ளை. சிப்பி சேகரிப்பவர்கள் இதைப் பைன் நோய் என்பார்கள். ஆளுக்கோ மற்ற நகைக்கோ தொற்றாது. ஆனால் தூளாகிப் போனது செதுக்கலின் மேல்தோல், அது திரும்ப வராது. பெட்டியை மாற்றாமல் துடைத்துக்கொண்டிருந்தால் மூக்கும் விரல் நுனியும் மழுங்கிவிடும்.

காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். பற்றரிக்கு ஊற்றும் தண்ணி போதும், அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து மேலே உருட்டுங்கள், தேய்க்க வேண்டாம். குச்சியை மாற்றி மாற்றி மூன்று நாலு தரம். மடிப்புகளுக்குள் மெல்லிய தூரிகை. முழுதாக ஊறவைத்தால் சட்டத்துக்குப் பின்னால் தண்ணி தங்கி உலோகம் பச்சை பிடிக்கும். நிழலில் ஒரு நாள் காயட்டும், வெயிலில் வைத்தால் நிறம் வெளிறும்.

பிறகு மரத்துக்கும் மட்டைக்கும் கிட்டப் போகவே கூடாது. துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சாப்பாடு வைக்கும் பொலித்தீன் டப்பாவில் வையுங்கள்.

கொட்டியாரம்:
பறவைக்குக் கிண்ணம் நீட்டுகிறாள் என்றால் ஹீபி. தேவர்களுக்கு அமுதம் பரிமாறுபவள், கழுகு தேவராசன் சூஸ். மற்றக் கையில் கூசா (சாடி) இருக்கிறதா பாருங்கள். கழுகோடு இருப்பது கூம்புத் தொப்பி போட்ட பையன் என்றால், சூஸ் கழுகால் தூக்கிப்போன கனிமீட். கழுத்து நீண்ட அன்னம் என்றால், சூஸ் அன்னமாக வந்து அணைந்த லீடா, மயில் என்றால் சூஸின் மனைவி ஹீரா. தலையில் திராட்சை இலை இருந்தால் மதுத் தெய்வத்தின் அடியவள் பக்காந்தி, சிறகும் பாம்பும் இருந்தால் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசா. விற்பவர்கள் எல்லாவற்றையும் "கிரேக்க ராணி" என்று ஒரே பெயரில் தள்ளிவிடுவார்கள்.

உண்மையா என்று பார்க்கப் பின்பக்கம் டோர்ச் பிடியுங்கள். சிப்பி ஒளியை விடும், உருவம் நிழலாகத் தெரியும். பின்புறம் ஓட்டின் வளைவில் இலேசாகக் குழிந்திருக்கும். 10 மடங்கு வில்லையில் உளிக் கீறல்கள் தெரிய வேண்டும். பிளாஸ்டிக்கில் ஓரங்கள் வழுவழுப்பாக உருண்டிருக்கும், அச்சுக்கோடும் இருக்கலாம். சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்வார்கள். நல்லதையும் கெடுக்கும் வேலை அது.

கபிலமும் வெள்ளையும் பெரும்பாலும் காசிஸ் மடகாஸ்கரியென்சிஸ் என்ற பெரிய கடல் நத்தையின் ஓடு. பெயரில் மடகாஸ்கர் இருந்தாலும் கிடைப்பது கரிபியன் பக்கம். செம்மஞ்சள் நிலம் என்றால் இந்து சமுத்திரத்துச் சிப்ரேகாசிஸ் ரூபா. செதுக்கலுக்குப் பேர்போன ஊர் இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்து டொரே டெல் கிரேகோ.

உப்புவெளிக்காரி:
நன்றி. டோர்ச்சில் நெடுக்காக ஒரு கோடு தெரிகிறது. ஊசி சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பூட்டு வெறும் வளைந்த கொக்கி. ஒலிவ் ஒயில் பூசலாமா?

பத்தர்வேலை:
நீண்ட ஊசியும் பூட்டில்லாக் கொக்கியும் 19ஆம் நூற்றாண்டைக் காட்டும், ஆனால் ஊசியைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். சட்டத்தை வைத்து மட்டும் வயது சொல்ல மாட்டேன்.

கோட்டில் நகத்தை மெல்ல இழுங்கள். தடக்கினால் வெடிப்பு. தடக்காமல், பக்கத்தில் அதே போக்கில் வேறு கோடுகளும் இருந்தால் ஓடு வளர்ந்த வரி.

ஒலிவ் ஒயில் நாளடைவில் சிக்குப்பிடித்துத் தூசி இழுக்கும். மணமில்லாத மினரல் ஒயில் ஒரு துளி, தூள் முழுக்கப் போன பிறகு மட்டும். இரவு விட்டுக் காலையில் ஒற்றி எடுங்கள். வரண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களுக்கு முன் ஒருக்கால் போதும். எண்ணெய் வெடிப்பை ஒட்டாது, சூப்பர் குளூவும் வேண்டாம். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் அதிக வரட்சியிலும் வெடிக்கும்.

ஊசியைச் சரிசெய்யக் கொடுத்தால், சிப்பியைக் கழற்றிய பிறகே பற்றவைக்கச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது விளிம்பை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு போகக் கூடாது. எதிரெதிர்ப் பக்கமாக, சிறிது சிறிதாக. வெடிப்பு முடியும் இடத்தில் அழுத்தவே வேண்டாம்.