1859 அறிவிப்போடு தோள்சீலைப் போராட்டம் முடிந்ததா?

மதுரைக்காரி:
மகளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி, தலைப்பு தோள்சீலைப் போராட்டம், அதாவது மாரை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்தியது. 1859இல் திருவிதாங்கூர் ராஜா உரிமை கொடுத்தார், பெண்கள் வென்றார்கள் என்று முடித்திருக்கிறாள். சரிதானா? குமரிப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.

இரணியல் பேத்தி:
அக்கா, அப்படி முடிக்க வேண்டாம். பெண்கள் கேட்டது ஒன்று, ராஜா கொடுத்தது வேறொன்று.

கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்தபோதே, கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போட அனுமதி கிடைத்துவிட்டது. குப்பாயம் என்றால் சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் போடுகிற சட்டை. நம் பெண்கள் அதோடு நிற்கவில்லை, அதன்மேல் தோளைச் சுற்றிப் போடும் துணியான தோள்சீலையும் போட்டார்கள். அது மேல்சாதிப் பெண்களின் அடையாளம். அதனால்தான் மேல்சாதியார் பொது இடத்தில் வைத்துச் சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829இல் வந்த அரச ஆணையும் குப்பாயம் போதும், தோள்சீலை கூடாது என்றுதான் சொன்னது.

பிறகு 1858 கடைசியில் மறுபடி கலவரம். சென்னை ஆளுநர் ட்ரெவிலியன் நெருக்கிய பிறகே உத்திரம் திருநாள் ராஜா 1859 ஜூலை 26 அன்று அறிவிப்பு விட்டார். குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்கள், அதாவது மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணி சுற்றலாம், எப்படி வேண்டுமானாலும் மாரை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. இந்தக் கடைசி வரியை மகள் மேடையில் சத்தமாகச் சொல்லட்டும். எங்கள் ஆச்சி கடைக்குப் போவதென்றாலும் தோளில் வெளுத்த துணி இல்லாமல் படி இறங்கமாட்டாள். சிறுவயதில் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

வாசகன்:
அப்போ நாயர் பெண்களுக்கு முழு உரிமை இருந்ததா?

இரணியல் பேத்தி:
இல்லை. சாமி முன்னாலும் அரசர் முன்னாலும் அவர்களும் மேல்துணியை எடுக்கவேண்டும். தன்னைவிட உயர்ந்தவர் முன்னால் மாரைத் திறப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு குனிவு, கீழ்ப்படியில் இருந்தவர்கள் எல்லார் முன்னாலும் குனியவேண்டும்.

மதுரைக்காரி:
முடிவை மாற்றி எழுதுகிறாள். ஆண்களுக்கு இப்படித் தடை எதுவும் இல்லையா என்று கேட்கிறாள்.

இரணியல் பேத்தி:
இருந்தது, தலைப்பாகை கட்டக்கூடாது. அதனால்தான் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் கட்டச் சொன்னார். அய்யாவழிக் கோயிலான சாமிதோப்புப் பதிக்குள் ஆண்கள் இன்றும் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அக்கா.