சூடானபின் ஸ்டார்ட் ஆகத் தகராறு: தெர்மோஸ்டாட்டா, கூலன்ட் சென்சாரா?

கேள்வி:
பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். நன்றாக ஓடிச் சூடானபின் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால்தான் வம்பு. செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். பிடித்ததும் கரும்புகை, பெட்ரோல் வாடை. மைலேஜும் இறங்கிவிட்டது. ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறு கோட் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) மாற்றினார்கள். கோட் திரும்ப வந்துவிட்டது. இப்போது கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் மீட்டரில் டெம்ப் முள் நடுவில்தானே நிற்கிறது?

பதில் 1:
முள்ளை வைத்து முடிவு கட்டாதீர்கள். சில வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வேறொன்று. என்ஜின் உரிய நேரத்தில் சூடேறவில்லை என்று ஈசியு நினைத்தால் பி0128 போடும். அது நினைப்பது சென்சார் சொல்வதை வைத்துத்தான்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, ஸ்கேனர் லைவ் டேட்டாவில் கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதே கூலன்ட் அளவையும் பார்த்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கேட்டவர்:
கூலன்ட் முழுதாக இருக்கிறது. காலையில் காற்று 27, கூலன்ட் 9 டிகிரி. ஓட்டி வந்து முள் நடுவில் நிற்கும்போது பார்த்தால் கூலன்ட் 23! இன்னொன்று: ஏசி இல்லாமல் நெரிசலில் நின்றால் முள் ஏறுகிறது, ஏசி போட்டால் இறங்குகிறது.

பதில் 2:
23 டிகிரி என்று நம்பும் ஈசியு ரேடியேட்டர் ஃபேனை எதற்குப் போடும்? ஏசி போட்டால் ஃபேன் ஓடுவதால்தான் தப்பிக்கிறீர்கள். சரி செய்யும்வரை ஏசியோடு ஓட்டுங்கள், முள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இந்த எண்கள் எனக்கு ஒயரிங் கோளாறு போலத் தெரிகின்றன. சூடு ஏற ஏற இந்தச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும். வண்டிக்கு வண்டி மாறினாலும், பெரும்பாலும் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80-ல் 300 ஓம் பக்கம். வழியில் எங்கோ 2 கிலோ ஓம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் கணக்கு கொஞ்சம்தான் பிசகும். சூடானபின் 300 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 2,300 இருந்தால்? கொதிக்கிற என்ஜினுக்கு ஈசியு குளிர்ந்த என்ஜினுக்கான பெட்ரோலை ஊற்றும். காலையில் சமர்த்தாக இருப்பது, பிறகு மக்கர் பண்ணுவது, எல்லாம் இதில் பொருந்துகிறது.

சென்சார் வாங்கும்முன், அதன் இரண்டு ஒயர் கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்கேனர் -40 காட்டும். அப்புறம் கனெக்டரின் இரு பின்களையும் சின்ன ஒயர் துண்டால் இணைத்தால் 130-க்கு மேல் எகிற வேண்டும். சென்சாரைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:
கழற்றியதும் -40 வந்தது. இணைத்தபோது 27-லேயே நின்றுவிட்டது. என்ஜின் ஆறியபின் சென்சாரை அளந்தால் 2 கிலோ ஓம்.

பதில் 2:
சென்சாரே இல்லாமல் இணைத்தும் 27-ல் நின்றதென்றால், கூடுதல் ரெசிஸ்டன்ஸ் ஒயரிங்கில்தான். சென்சார் நல்லது, காசு மிச்சம். கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னைச் சுரண்டுவதோடு நிற்காமல், ஒயர் டெர்மினலோடு சேரும் இடத்தையும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
அங்கேதான்! ரப்பர் சீல் கிழிந்து, ஒரு டெர்மினலில் பச்சைப் பாசிபோல் களிம்பு. இழுத்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் கெட்ட பகுதியை வெட்டிப் புது டெர்மினல் போட்டுக் கொடுத்தார். இப்போது சூடானபின் 91 காட்டுகிறது, ஏசி இல்லாமலே ஃபேன் ஓடுகிறது, நிறுத்தி எடுத்தாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

பதில் 1:
நல்லது. ஸ்கேனரில் அந்த பி0128 கோட் இருந்தால் அழித்துவிடுங்கள். இவ்வளவு நாள் பெட்ரோல் அதிகமாகப் போயிருப்பதால் என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்திருக்கும், அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்களே? அது பெரும்பாலும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.