மறு: ‘பின்ச் பாயின்ட்’டுக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

> கிள்ளுபுள்ளி, நெரிபுள்ளி, கடிவாய். மூன்றில் ஒன்றை முடிவு செய்துவிடலாமா?

‘பின்ச் பாயின்ட்’ என்றால் இரண்டு பாகங்கள் நெருங்கும்போது நடுவே கையோ விரலோ சிக்கி நசுங்கும் இடம். அதற்கு இந்த மூன்றுமே வேண்டாம் என்பேன். இயந்திரங்களை இறக்கி நிறுத்தும் எரெக்‌ஷன் வேலையில் இருப்பவன் நான். கைக்காயங்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

‘கிள்ளுபுள்ளி’ ஒரு சைட்டில் மஞ்சள் போர்டாகவே தொங்கியது. புதிதாக வந்த ஹெல்பர் பையன் படித்துவிட்டு, “யாருண்ணே கிள்ளுவா?” என்றான். எல்லோரும் சிரித்தோம். கன்னத்தைக் கிள்ளலாம், கீரையைக் கிள்ளலாம். 300 கிலோ மோட்டார் கிள்ளாது. ‘கடிவாய்’ நல்ல சொல்தான். ஆனால் பாம்பு கடித்த இடத்துக்கு அது எப்போதோ போய்விட்டது.

‘புள்ளி’யும் எனக்கு ஒட்டவில்லை. அதே சைட்டில் பம்ப் மோட்டாரை பேஸ் பிளேட்டில், அதாவது அதைப் பொருத்தும் அடித்தகட்டில், உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் இறக்கும் செயின் பிளாக்கில் மோட்டார் தொங்குகிறது. மோட்டார் காலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான் பாக்கி. போல்ட் ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று ஃபிட்டர் ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினார். செயினைப் பிடித்திருந்தவர் மறுபக்கம். அவருக்கு விரல் தெரியாது. “கொஞ்சம்” என்று காதில் விழுந்ததும் இன்னொரு இழுப்பு இழுத்தார். கையுறையைக் கழற்றியபோது விரலின் நுனிக்கணு உறைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஓட்டையை ஒத்துப் பார்க்கும் கூர்முனை ஸ்பேனர் அவர் காலடியிலேயே கிடந்தது. (ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் உழைப்புத் திறனில் 9 சதவீதம் இழப்பு, முழு விரலுக்கு 14 என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்குப் போட்டு வைத்திருந்தது.)

அவர் விரல் போனது ஒரு புள்ளியில் அல்ல, மூடிக்கொண்டே வந்த ஒரு சந்தில். இதற்கு வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? “கதவு இடுக்குல கை வெக்காதடா.” அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஏன் அகராதியைப் புரட்டுகிறோம்? குடையைக் கக்கத்தில் இடுக்குகிறோம்; கொல்லன் பட்டறையில் இருப்பது இடுக்கி. சந்து என்ற பொருளும் நெருக்கிப் பிடிப்பது என்ற பொருளும் ஒரே வேரில் இருக்கின்றன. முக்கியமாக, கத்துவதற்கு வசதி. “இடுக்கு, கை எடு!” என்று பத்தடி தள்ளி நின்று கத்தலாம். ‘நெரிபுள்ளி’யைக் கத்திப் பாருங்கள்.

> இடுக்கு என்பது சும்மா இருக்கும் சந்து. இது ஒடுங்குகிற சந்து. வித்தியாசம் வேண்டாமா?

ஐயா சொல்வது சரி. எழுத்தில் ‘நெரியிடுக்கு’ என்று வைப்போம். வினைத்தொகை என்பதால் நெரிந்த, நெரிகிற, நெரியும் மூன்றும் அதில் அடங்கும். இப்போது கை தாராளமாக நுழைகிற சந்துதான் அடுத்த இழுப்பில் நெரிக்கப் போகிறது என்பதால் இது நமக்குத் தேவை. வரையறையும் கைவசம் இருக்கிறது: நசுங்காமல் இருக்க விரலுக்கு 25 மி.மீ., கைக்கு 100 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும் என்கிறது இயந்திரப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 13854. அதற்குக் கீழே ஒடுங்கக்கூடிய எந்த இடுக்கும் நெரியிடுக்கு. சைட்டில் வெறும் ‘இடுக்கு’ போதும்.

> அப்படியானால் ‘நிப் பாயின்ட்’?

அது வேறு. கரும்புச்சாறு மிஷினைப் பாருங்கள். உருளைகள் தாமாகவே கரும்பை உள்ளே இழுக்கும், விரலையும் அப்படித்தான். பெல்ட் புல்லியில் ஏறும் இடமும் இதே வகை. ‘உருளிடுக்கு’ எனலாமா? பெல்ட்டுக்குப் பொருந்துமா என்று எனக்கே கொஞ்சம் இழுபறி; வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். சுற்றுகிற இடத்தில் கையுறையே சிக்கிக் கையை இழுக்கும் எமன் என்பதால் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. மோட்டார் இறக்கும்போது போடச் சொல்கிற உறையை, டிரில்லிங் மிஷின் முன்னால் கழற்றச் சொல்கிறோம்.



நாளை காலை ஒரு கியர்பாக்ஸ் இறக்குகிறோம். பேஸ் பிளேட்டைச் சுற்றி சாக்பீஸால் ‘இடுக்கு’ என்று எழுதப் போகிறேன். ‘யாருண்ணே கிள்ளுவா’ என்ற அந்தப் பையன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். என்ன கேட்கிறான் என்று வந்து எழுதுகிறேன்.

அன்புடன்