53 மாதம் முட்டை காத்த ஆக்டோபஸ்: பார்த்தவர்கள், படித்தவர்கள் வாருங்கள்

திருச்சி வாசகி:
ஆழ்கடலில் 53 மாதம் தன் முட்டைகளை அடைகாத்த மான்டெரி தாய் ஆக்டோபஸின் கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே ஒரு இடம்தான் மனதை விட்டுப் போகவில்லை. கலிஃபோர்னியா கரைக்கு அப்பால், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஆராய்ச்சியாளர்களின் இயந்திரக் கை அவளுக்கு ஒரு நண்டுத் துண்டை நீட்டுகிறது. அவள் வாங்கவில்லை. 2007 மே மாதம் அந்தப் பாறையில் முட்டைகளோடு காணப்பட்டவள், 2011 செப்டம்பரிலும் அதே இடத்தில்தான். உடலில் இருந்த தழும்புகளை வைத்து அவளேதான் என்று உறுதி செய்திருக்கிறார்கள். 18 முறை போயும் அவள் எதையும் தின்பதை அவர்கள் பார்த்ததில்லை. தோல் வெளிறித் தொளதொளத்து, கண் மங்கிப் போயிருந்தது. அக்டோபரில் போனபோது அவள் இல்லை, கிழிந்த முட்டைக் கூடுகள்தான் இருந்தன. இதைவிடப் பெரிய தியாகம் உண்டா? அவளுக்குப் பசித்திருக்குமா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கோவை, உயிரியல் ஆசிரியர்:
தியாகம் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். நானும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் தேடிப் போனேன். 1977-லேயே ஜெரோம் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், அடைகாக்கும் வேறொரு இன ஆக்டோபஸின் கண்ணருகே உள்ள பார்வைச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்திருக்கிறார். அது முட்டைகளைக் கைவிட்டது, மறுபடி தின்றது, கூடுதல் நாள் வாழ்ந்தது. அதாவது, சாவு அந்தச் சுரப்பியிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். வகுப்பில் தாய்ப்பாசம் என்று நான் நடத்தும் பாடத்தை இனி எப்படி நடத்துவது?

தூத்துக்குடியிலிருந்து:
சார், சுரப்பி செய்தால் பாசம் இல்லையென்று ஆகிவிடுமா? நம் பெண்களுக்குத் தாய்ப்பால் இறங்கவே ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். அதனால் அம்மாவின் பாசம் பொய்யா? எங்கள் ஊரில் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்போம். சின்ன வயதில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வெட்டிப் போட்ட ஒரு கையைத் தொட்டேன். அது என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்ததும் தோலில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது என்று போன மாதம்தான் படித்தேன். அன்று என்னைப் பிடித்தது எது என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்னை, இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் மகள் இதைக் கேட்டு அழுதாள், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். அம்மா செத்ததோடு கதையை நிறுத்தாதீர்கள். ஏன் இவ்வளவு காலம் என்பதையும் சொல்லுங்கள். கரையோர ஆக்டோபஸ்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம்தான் அடைகாக்கும். அங்கே ஆழத்தில் தண்ணீர் 3 டிகிரிதான், அந்தக் குளிரில் கரு மெல்ல மெல்லத்தான் வளரும். அதற்குக் கிடைத்த பலன், குஞ்சுகள் நன்றாக வளர்ந்து, வெளியே வந்ததும் இரை பிடிக்கும் நிலையில் இருப்பது. கூடுகளை எண்ணினால் ஏறக்குறைய 160 குஞ்சுகள்! இதைச் சொன்னால் பிள்ளைகள் அடுத்த கேள்வி கேட்பார்கள். அப்பா ஆக்டோபஸ் எங்கே என்றும் கேட்பார்கள். இனச்சேர்க்கைக்குப் பிறகு அதுவும் அதிக நாள் இருக்காது என்று மறைக்காமல் சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், பகலில் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி:
நன்றி அக்கா. கோவை சார், உங்களிடம்தான் கேட்க வேண்டும். சுரப்பியை எடுத்ததும் தின்ன ஆரம்பித்தது என்றால், பசி இல்லாமல் போகவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தது என்றுதானே பொருள்? அப்படியானால் அந்த நண்டுத் துண்டு நீட்டப்பட்டபோது அவளுக்கு உள்ளே என்ன நடந்தது?