தினமும் கழற்றி மாட்டும் வயர் எங்கே அறுகிறது?

பாம்பன், படகு வயரிங் வேலை

நான் வேலை பார்க்கும் நாட்டுப்படகுகளில் பேட்டரி படகிலேயே கிடப்பதில்லை. கரை ஏறியதும் கழற்றி, வீட்டுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் போட்டு, அடுத்த தொழிலுக்கு மறுபடி மாட்டுவார்கள். ஒரே வயர் முனை வருடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நிமிர்கிறது.

ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடலுக்குப் போன படகு ஒன்றில் இரவு ஜி.பி.எஸ்., விளக்கு, வயர்லெஸ் மூன்றும் ஒன்றாக அணைந்துவிட்டன. குருசடைத் தீவுப் பக்கம் பாறைகள் நிறைந்த இடம். பாம்பன் கலங்கரை விளக்கத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். அந்த முனையைச் செய்து கொடுத்தவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் டேப்பை உரித்துப் பார்த்தேன். ஈயம் வைத்த நுனி அப்படியே பளபளவென்று இருந்தது. அதிலிருந்து விரற்கடை தள்ளி, ஈயம் முடிகிற இடத்தில், கத்தியால் நறுக்கியது போல இழைகள் ஒரே வரிசையில் முறிந்திருந்தன. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று இழைகளிலும் களிம்பு ஏறியிருந்தது.

உருகிய ஈயம், திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்குள் ஏறும். ஏறிய வரை வயர் கம்பியாக விறைத்துவிடும். அதற்கு அப்பால் நூல் போல் இளகியிருக்கும். வளைவு முழுவதும் அந்த எல்லையில்தான் விழுகிறது. ஈயம் வைத்த முனையை ஸ்குருவுக்கு அடியில் இறுக்கினாலும் நிற்காது. ஈயம் மெல்ல நசுங்கி விலக, பிடி தளரும். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியர் ஓடும்போது 12 வோல்ட்டில் 1 வோல்ட் போய்விடும். 10 வாட் சூடு அந்த ஒரு புள்ளியிலேயே இறங்கும்.

இப்போது வெள்ளீயம் பூசிய மெல்லிழைச் செம்பு வயர் மட்டுமே வாங்குகிறேன். வயருக்கு ஏற்ற அளவில் வளைய லக் (போல்ட்டில் மாட்டும் வளையம் உள்ள உலோக முனை) போட்டு, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துகிறேன். கட்டிங் பிளேயரால் நசுக்குவது அழுத்துவதே ஆகாது. கையால் பலமாக இழுத்துப் பார்த்த பிறகு, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைப் பாதி லக் மேலும் பாதி வயர் மேலுமாக ஏற்றிச் சூடு காட்டுவேன். ஒரு சாண் தள்ளி வயரைக் கிளிப் போட்டுக் கட்டிவிட்டால் இழுப்பு முனைக்கு வராது.

கீழக்கரை, ஒலி ஒளி அமைப்பு

எங்கள் தொழிலிலும் ஊருக்கு ஊர் கழற்றி மாட்டுவதுதான் வேலை. ஒரு பந்தலில் யாரோ கேபிளில் கால் தடுக்கி இழுக்க, பிளக்குக்குள் எர்த் வயர் மட்டும் கழன்றுவிட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. கம்பத்தைத் தொட்ட பையனைக் கரண்ட் தூக்கி எறிந்தது, உயிர் தப்பினான். மூன்று வயரையும் ஒரே நீளத்தில் வெட்டியிருந்தோம். அன்றிலிருந்து எர்த்தை மற்ற இரண்டையும்விட ஓர் அங்குலம் கூடுதலாக விடுகிறேன். இழுபட்டாலும் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். வெளி உறையும் பிளக்கின் பிடிக்குள் கட்டாயம் போக வேண்டும்.

தொண்டி, இறால் பண்ணை

அண்ணன் சொன்ன களிம்பைப் பற்றி ஒன்று. குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் மோட்டார் வயரில் முனையை வெட்டி உரித்தால் உள்ளே கறுப்பு. இன்னும் ஒரு சாண் உரித்தேன், அங்கேயும் கறுப்பு. உப்புநீர் இழைகளின் இடைவெளி வழியே அவ்வளவு தூரம் ஊறியிருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டியாக வேண்டும். அதற்கென்றே வயரை எப்போதும் நீளமாக விட்டுவைக்கிறேன்.

பாம்பன், படகு வயரிங் வேலை

தம்பி சொல்வது மிகவும் சரி. பேட்டரியில் முழ நீளத் துண்டு வயரை போல்ட் போட்டு நிரந்தரமாக முடுக்கி, அதன் மறுமுனையில் கனமான பிளக் ஜோடி வைத்துவிட்டேன். தினமும் கழற்றுவது பிளக்கை மட்டும்தான். தேய்ந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். போல்ட்டைத் தொடவேண்டி வந்தால் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுகிறேன். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுகிறேன்.

அன்று இருட்டில் வந்த படகில் இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது அந்தத் துண்டு வயர். போன வாரம் ஸ்லீவைக் கீறிப் பார்த்தேன், செம்பு புதிதாக இருந்தது. வேறு ஸ்லீவ் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.