💫 இது பாராட்டா, தலைசுற்றலா?

மக்களே, ஒரு சின்ன சந்தேகம். இந்த 💫 எமோஜியை நீங்க எதுக்குப் போடுறீங்க?

நான் இத்தனை நாளா இதை எரிநட்சத்திரம்னு நினைச்சு, யார் நல்லா எழுதினாலும் "அருமை 💫"னு தட்டி விட்டுட்டிருந்தேன். நேத்து கூட வேலை பார்க்கிற அக்கா 40 பக்க அறிக்கை அனுப்பினாங்க. "படிச்சுட்டேன்க்கா 💫"னு பதில் போட்டேன். "ஏன்ப்பா, தலை சுத்துற அளவுக்கா இருக்கு?"ன்னு கேட்டுட்டாங்க!

தேடிப் பார்த்தா அவங்க பக்கம்தான் நியாயம். 2010-ல் யூனிகோட் 6.0-ல் (எழுத்து, எமோஜிக்கெல்லாம் உலகம் முழுக்க இருக்கிற பொதுத் தரம்) இது வந்தப்போ வெச்ச பேரே 'டிஸ்ஸி சிம்பல்', அதாவது தலைசுற்றல் குறி. கார்ட்டூன்ல மண்டையில அடி வாங்கினவன் தலையைச் சுத்தி நட்சத்திரம் பறக்குமே, அதேதான். 2020-ல் வந்த சுருள் கண் முகம் 😵‍💫 கூட, 😵-வோட இதை ஒட்டவெச்சு செஞ்சதுதான். பழைய போன்ல ரெண்டும் பிரிஞ்சு தனித்தனியா நிக்கும்.

எரிநட்சத்திரத்துக்கு 🌠, வால்வெள்ளிக்கு ☄️னு வேற வேற இருக்கு. ஆனா நான் பார்க்கிற ஸ்டேட்டஸ்ல எல்லாம் 💫 வெறும் மினுமினுப்புக்குத்தான் வருது.

உங்களுக்கு இதைப் பார்த்ததும் முதல்ல என்ன தோணுது? அக்காகிட்ட விளக்கம் சொல்லணுமா, இல்ல பேசாம விட்டுடலாமா?